சிறையிலிருந்து வந்த கடிதம்

(பொதட்டூர்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கவலையிலிருந்து விடுதலை, மனநிறைவு என்று இன்றைக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு இந்த ஊரில் பேசுவது லேசான காரியமில்லை. நூல் விலை ஏறினால் தறி நிற்கிறது. போட்ட லுங்கி விற்காமல் தேங்கினாலும் நிற்கிறது. கூலி உயர்வு கேட்டு நாமே நிறுத்தும் நாளும் உண்டு. தறி நின்ற வாரத்திலும் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்துவிடுகிறது, தண்டல்காரர் வந்துவிடுகிறார். பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்பவருக்குக் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வராத வருஷம் கவலை. மழை கொட்டி ஆந்திராவில் அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட்டால், தரைப்பாலம் தாங்குமா என்று அடுத்த கவலை. இப்படிப்பட்ட ஊரில் வெளியூர்க்காரன் ஒருவன் மைக் பிடித்து, கவலைப்படாதீர்கள் என்றால், "உனக்கென்னப்பா, சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவாய்" என்று நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வது நியாயம்தான்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசுவாசித்தால் கடன் அடைந்துவிடும், வியாதி போய்விடும், அடுத்த வருஷம் இதே நேரத்தில் சொந்த வீட்டில் இருப்பாய் என்று உறுதி சொல்லும் மேடைகள் நாட்டில் நிறைய இருக்கின்றன. அந்த உறுதியை நான் தரமாட்டேன். வேதம் அப்படி ஓர் உறுதியைத் தரவில்லை. அந்தப் பிரசங்கம் ஏழைக்குச் செய்கிற கொடுமை ஒன்று இருக்கிறது. கடன் தீராதபோது, கடனோடு கூட, "என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் எனக்குத் தீரவில்லை" என்ற குற்ற உணர்ச்சியையும் அது அவர் தலையில் ஏற்றி வைத்துவிட்டுப் போகிறது. ஏற்கெனவே சுமக்கிறவர் மேல் இன்னொரு மூட்டை. இதைச் செய்கிறவர்கள் ஆண்டவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இன்னொன்று, இந்தக் கூட்டத்தில் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்கும் குடும்பத்தாரும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் நன்றி. அதே திருத்தணியில் 1888இல் பிறந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்று மிஷன் நிறுவனங்களிலேயே படித்தவர். அங்கே தம் சமயத்தைக் குறைத்துப் பேசியதைக் கேட்டு மனம் நொந்து, அதை ஆழமாகப் படிக்கத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படி நோகடித்தது எங்கள் ஆட்கள் செய்த தவறு. நான் என் விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் மரபைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தையும் என் வாயிலிருந்து வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்தவர்கள் கவலையைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் ஒரு கடிதத்தைக் கையில் எடுப்போம். பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதியது. வேதாகமத்தில் நாலு அதிகாரம்தான். அரை மணி நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம். எழுதியவர் யார் என்று கொஞ்சம் பார்ப்போம். இன்றைய துருக்கி நாட்டில் இருக்கும் தர்சு பட்டணத்துக்காரர் பவுல். பெரிய படிப்பாளி, கமாலியேல் என்ற யூத வேதபண்டிதரிடம் பாடம் கேட்டவர். அவர் கையில் ஒரு தொழிலும் இருந்தது. கூடாரம் செய்கிற தொழில். தர்சு இருந்த சிலிசியா நாடு வெள்ளாட்டு ரோமத்தில் நெய்த முரட்டுத் துணிக்குப் பேர்போனது. பவுல் வேலை செய்தது அந்தத் துணியிலா தோலிலா என்று அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு. எதுவானாலும் உடம்பை வருத்துகிற வேலைதான். கொரிந்துவுக்குப் போனபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதி அதே தொழில் செய்கிறவர்கள் என்று கேள்விப்பட்டு, அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு சேர்ந்து வேலை செய்து சாப்பிட்டார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் கையால் உழைத்ததைத் தம் கடிதங்களில் அவரே எழுதியிருக்கிறார்.

பிலிப்பிக்கும் துணிக்கும் கூட ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஐரோப்பாவில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்தவர்களில் வேதம் முதலில் பெயர் சொல்வது லீதியாள் என்ற பெண்ணைத்தான். தியத்தீரா ஊர்க்காரர், இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சாயத் துணி விற்றவர். அந்த ஜவுளிக்காரம்மா வீட்டில்தான் பிலிப்பி சபை ஆரம்பித்தது. நெய்கிறவரும் விற்கிறவரும் இருக்கிற இந்த ஊரில் அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது, அதை நமக்கு வந்த கடிதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது பவுல் காவலில் இருக்கிறார். கி.பி. 60ஐ ஒட்டி ரோமாபுரியில் இருந்து எழுதினார் என்பது மரபு. தீர்ப்பு வரவில்லை. விடுதலையாகவும் இருக்கலாம், மரண தண்டனையாகவும் இருக்கலாம். இரண்டையும் கடிதத்திலேயே பேசுகிறார். வெளியே அவருக்கு வேண்டாதவர்கள், அவர் உள்ளே இருப்பதைச் சாதகமாக்கிக்கொண்டு போட்டிக்குப் பிரசங்கம் செய்கிறார்கள். அதுவும் அவருக்குத் தெரிகிறது. இந்த நிலைமையில் இருந்துகொண்டுதான், எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கு வேண்டியதை நன்றியோடு கடவுளிடம் சொல்லிவிடுங்கள், அவர் தரும் சமாதானம் உங்கள் இருதயத்துக்குக் காவல் நிற்கும் என்ற கருத்தை எழுதுகிறார். ராணுவச் சிப்பாய் காவல் நிற்கிற அறையில் இருந்துகொண்டு எழுதுகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த இடத்தோடு பிரசங்கத்தை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நான் அதே கடிதத்தில் இரண்டாம் அதிகாரத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். நாக்கில் நுழையாத பெயர்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஆள். பிலிப்பி சபையார் பவுலுக்கு உதவி சேர்த்து, இவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்துச் சிறையில் அரசாங்கம் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. வெளியே இருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் பிழைக்கலாம். வந்தவர் சாகக் கிடக்கிற அளவுக்கு நோயில் விழுந்தார். அந்தச் செய்தி பிலிப்பிக்குப் போனது. ஊரார் பதறுகிறார்களே என்று நோயாளி தவித்தார். நோயாளியைப் பார்த்துப் பவுல் தவித்தார். அவர் பிழைத்ததைப் பற்றி எழுதும்போது, தன் மேல் துக்கத்துக்கு மேல் துக்கம் வராமல் கடவுள் இரங்கினார் என்ற பொருள்பட எழுதுகிறார். அவரை ஊருக்கு அனுப்பிவைத்தால் என் துக்கமும் குறையும் என்கிறார்.

எதற்கும் கவலைப்படாதீர்கள் என்று நாலாம் அதிகாரத்தில் எழுதிய கைதான், இரண்டாம் அதிகாரத்தில், நான் துக்கப்பட்டேன், என் மனம் பாரமாயிருந்தது என்றும் எழுதியிருக்கிறது. இன்னொரு கடிதத்தில், சபைகளைப் பற்றிய கவலை நாள்தோறும் என்னை அழுத்துகிறது என்ற பொருளில் கொரிந்தியருக்கும் எழுதியிருக்கிறார். இதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். கிறிஸ்தவ விசுவாசம் தருகிற விடுதலை என்ன என்பது எனக்கு விளங்கியதே இந்த இடத்தில்தான். நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கண் விழிக்கிற தாய்க்கு நெஞ்சு அடிக்கக் கூடாது என்று வேதம் சொல்லவில்லை. அந்த அடிப்பு அன்பிலிருந்து வருகிறது. அன்பு இல்லாமல் போனால்தான் அது நிற்கும். அப்படிப்பட்ட நிம்மதி எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

வேதம் விடுவிக்கப் பார்ப்பது வேறொன்றிலிருந்து. நாளைக்கு நடக்கப்போவது முழுவதும் என் தலையில்தான் இருக்கிறது, நான் ராத்திரி முழுக்க விழித்து யோசித்தால்தான் இந்தக் குடும்பம் நிற்கும், எனக்குக் கை கொடுக்க மேலேயும் யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை என்ற எண்ணம் இருக்கிறதே, அதிலிருந்து விடுவிக்கிறது. தறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: பாவில் ஆயிரக்கணக்கான இழை இருக்கிறது, ஓர் இழை அறுந்தால் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிணைக்கிறோம், இனி அறுந்துபோகப்போகிற இழைகளையெல்லாம் இன்றைக்கே பிணைக்க உட்காருவதில்லை. மனக்கவலை நம்மை அந்த முடியாத வேலையில்தான் உட்காரவைக்கிறது.

மனநிறைவைப் பற்றியும் பவுல் அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார். பசியோடு இருக்கவும் வயிறு நிறைந்திருக்கவும், குறைவிலும் நிறைவிலும் இருக்கவும் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். பிறக்கும்போதே வந்த குணம் என்று சொல்லவில்லை, ஒருநாள் ஜெபத்தில் திடீரென்று கிடைத்தது என்றும் சொல்லவில்லை. அடிபட்டு, பட்டினி கிடந்து, கப்பல் உடைந்து, பல வருஷத்தில் படிந்த பழக்கம். அதற்கு அடுத்த வசனத்தைத்தான் நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோம், ஆட்டோவுக்குப் பின்னால் எழுதுகிறோம். கிறிஸ்து பலம் தருவதால் எதையும் செய்ய முடியும் என்கிற வசனம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும், கடை திறக்கிறவருக்கும் அதைச் சொல்லி வாழ்த்துகிறோம். தப்பில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னது பசியைத் தாங்குவதைப் பற்றி. அந்தப் பலம் பசித்திருக்கும்போதும் மனம் உடையாமல் இருப்பதற்கான பலம். உடனேயே, நீங்கள் என் கஷ்டத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று பிலிப்பியாருக்கு நன்றியும் சொல்கிறார். எனக்குக் கிறிஸ்து போதும், உங்கள் உதவி வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை. மனநிறைவு உள்ளவர் பிறர் தருவதைக் கை நீட்டி வாங்கவும் தெரிந்தவர்.

இயேசு மலைமேல் பேசியதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, சாப்பாட்டுக்கும் துணிக்கும் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? மீன் பிடிக்கிறவர்கள், அன்றாடக் கூலிகள், ரோமாபுரிக்கு வரி கட்டியே ஓய்ந்தவர்கள். சொன்னவரும் தச்சு வேலை செய்து கை காய்த்துப்போனவர். வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள் என்று அவர் அந்த ஜனங்களிடம் சொல்லியிருக்க முடியாது. அன்றன்றைய பாட்டை அன்றன்றைக்குப் பாருங்கள், உங்கள் தேவை என்ன என்று தெரிந்த ஒரு தகப்பன் இருக்கிறார் என்றார். கைது செய்யப்பட்ட ராத்திரி, அதற்குச் சற்று முன்பு, கெத்செமனே தோட்டத்தில் அவரே வியர்வை இரத்தத் துளிபோல விழ வேதனைப்பட்டதாக லூக்கா எழுதுகிறார். மூன்று சிநேகிதரைக் கூப்பிட்டு, என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார் என்று மத்தேயு சொல்கிறார். ஆண்டவரே துணைக்கு ஆள் தேடினார். நாம் தேடினால் வெட்கம் என்ன?

இதெல்லாம் ரோமாபுரி, பிலிப்பி காலத்துக் கதை என்று நினைப்பவர்களுக்காக நமக்குப் பக்கத்தில் இருக்கிற வேலூருக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வேலூர் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. சோளிங்கர் வழியாக பஸ் மாறிப்போய் அதன் வராந்தாவில் காத்திருக்காத குடும்பம் இங்கே குறைவு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது. அவர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அங்கே படித்த இன்னொரு பெண்ணைப் பற்றி. டாக்டர் மேரி வர்கீஸ்.

1925இல் கொச்சியில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்துத் தேறி, முன்னுக்கு வரும் நேரம். 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வயது 28. இனி நடக்க முடியாது என்பதை ஒரு டாக்டரிடம் யாரும் மறைக்க முடியாது, அவருக்கே தெரியும். அந்தக் காலத்தில் நம் நாட்டில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் கொஞ்ச நாளில் போய்விடுவார் என்பதுதான் பொதுவான நிலை. மறுவாழ்வுச் சிகிச்சை என்று ஒரு துறையே இங்கே வேரூன்றவில்லை.

அவர் எவ்வளவு ஜெபித்திருப்பார், அவருக்காக அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் நடக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, 1986 டிசம்பரில் இறக்கிற வரைக்கும் நடக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சக்கர நாற்காலி. விசுவாசம் போதாததால்தான் அவர் நடக்கவில்லை என்று யாராவது சொல்லத் துணிந்தால், அவர் செய்த வேலையை வந்து பார்க்கட்டும்.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த மிஷனரிப் பிள்ளை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, கையில் நல்லபடி இருக்கிற தசைநாண் ஒன்றை மாற்றி இணைத்து மறுபடி நிமிர்த்தலாம் என்று செய்து காட்டியவர். அவர் மேரியிடம் ஒரு யோசனை சொன்னார்: கை அறுவைச் சிகிச்சை உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை, உன்னால் முடியும். கால் போன டாக்டர், விரல் போனவர்களின் கையை எடுத்து வைத்துக்கொண்டு சரிசெய்ய ஆரம்பித்தார். தொழுநோயாளி என்றால் வீட்டாரே தொடப் பயந்த காலம் அது. தன்னைச் சோதிக்க வருகிற டாக்டரே நாற்காலியில் உருண்டு வருவதைப் பார்த்த நோயாளிக்கு எந்தப் பிரசங்கமும் தராத தைரியம் வந்திருக்கும்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்த் தன் உடம்புக்கான பயிற்சி பெற்றார். அமெரிக்காவில் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற நிபுணரின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. தென்னை மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், லாரி விபத்தில் அடிபட்டவர்கள் அங்கே போய், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதிலிருந்து பிழைப்புக்குத் தொழில் கற்பது வரை பழகி வீடு திரும்புகிறார்கள். பழைய நோயாளிகள் கூடிக் கொண்டாடும் ரிஹாப் மேளாவும் அங்கே நடக்கிறது. 1972இல் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவர் கவலையே படாதவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையை டாரதி கிளார்க் வில்சன் என்ற எழுத்தாளர் 1963இல் புத்தகமாக எழுதினார். அதை வாசித்தால் எவ்வளவு இருட்டான நாட்கள் என்று தெரியும். ஆனால் போனதைக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்காமல், மிச்சம் இருக்கிற இந்தக் கைகளை ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒப்புக்கொடுத்தார். மனநிறைவு என்று நான் சொல்வது இதைத்தான். கேட்டது கிடைத்ததால் வந்த நிறைவு இல்லை இது. கிடைக்காத இடத்திலும் கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் ஒரு வேலையைத் தொடங்கியதால் வந்த நிறைவு. கூட ஒரு பால் பிராண்ட் இருந்தார் என்பதையும் மறக்காதீர்கள். உன்னால் முடியும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஒரு எப்பாப்பிரோதீத்து கிடைத்தார்.

வசதி இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கவலை ஏழைக்கு மட்டும் சொந்தமில்லை. நாலு தறி வைத்திருந்தபோது தூங்கினவர் நாற்பது தறி வந்ததும் தூக்கமில்லாமல் இருப்பதை இந்தத் தெருக்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வேலூருக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்றை இருவர் தொடங்கினார்கள். இருவரும் டாக்டர்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், கம்பளி நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பம். ஊர் ஜனங்கள் ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர், தமிழருக்குத் தம்பியாக இரண்டாம் இடத்தில் சந்தோஷமாக இருந்தார். நூல் ஆலை வீட்டுப் பிள்ளை கதர் கட்டினார், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். கதர் கட்டிய அந்த வெள்ளைக்காரரை 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் போலீஸ் அடித்தது. விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. அதற்குப் பிறகும் அவர் திருப்பத்தூரை விட்டுப் போகவில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்பதை அவர் தீர்மானித்துவிட்டார். நம்மில் பலர் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டுக்கொள்வதே இல்லை. அதனால்தான் வருமானம் எவ்வளவு ஏறினாலும் கூடவே கவலையும் ஏறுகிறது.

இப்போது மிக முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். தயவுசெய்து கவனியுங்கள். கவலை சில பேருக்கு நோயாக மாறிவிடும். வாரக்கணக்கில் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், எதிலும் மனம் ஒட்டாது, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றும். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது. போதகரானாலும் சொல்லக் கூடாது. வேதத்தில் எலியா என்ற பெரிய தீர்க்கதரிசி, பெரிய வெற்றி பெற்ற கொஞ்ச நாளிலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, என்னை எடுத்துக்கொள்ளும் என்று சாவைக் கேட்டார். கடவுள் அவரைத் திட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நம் சபைகளில் உபவாச ஜெபத்துக்கு வா என்று, ஏற்கெனவே சாப்பிட முடியாமல் மெலிந்து கிடக்கிறவரையும் கூப்பிடுகிறோம். அவருக்கு முதலில் தேவை சோறும் தூக்கமும் டாக்டரும்.

மனநோய்க்கு டாக்டரிடம் போவதால் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். பாகாயத்தில் 1950களிலேயே டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மிஷனரி மனநல மையத்தைத் தொடங்கினார். நோயாளியைத் தனியாகப் பூட்டி வைக்கிற வழக்கத்தை விட்டு, வீட்டார் ஒருவர் கூடவே தங்கிக் கவனிக்கிற முறையை அங்கே கொண்டுவந்தார்கள். வேலூர் வரை போக முடியாதவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் டெலி மானஸ் சேவையில் தமிழில் பேசுவார்கள், 104க்கும் பேசலாம். இரண்டுக்கும் காசு இல்லை. உங்கள் வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால், மிரட்டுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். குழுக் கடன் பெண்கள் பெயரில்தான் எடுக்கப்படுகிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய நிலை. நேற்று வரை ஒரே பாயில் உட்கார்ந்து ஊடைக்குத் தார் சுற்றியவர்கள், வசூல் நாளன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறார்கள். இது கடவுள் வைத்த பாரம் இல்லை, மனிதர் ஏற்படுத்தியது. இதை மாற்ற வேண்டியது நம் பொறுப்பு. கவலைப்படாதீர்கள் என்ற வசனத்தை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டுச் சபை கலைந்து போய்விட்டால், அது வசனத்துக்கே அவமானம். பிலிப்பி சபை பவுலுக்கு வசனம் எழுதி அனுப்பவில்லை. பணமும் ஆளும் அனுப்பியது.

என்ன செய்யலாம்? சபைக் காணிக்கையில் ஒரு பங்கை வட்டியில்லாத கைமாற்று நிதியாக ஒதுக்கலாம். தறி நின்ற மாதத்துக்கு அரிசி வாங்க, பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிக்குப் போக, அவ்வளவுதான். யார் வாங்கினார்கள் என்பது இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது. சபையாருக்கு மட்டும் என்று வைக்காமல் தெருவாருக்கும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்துங்கள் என்று சொன்னால், அன்றைய கூலியை யார் கொடுப்பார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முழு நாள் முடியாவிட்டால் அரை நாள். உடம்புக்கும் காதுக்கும் தறிச் சத்தத்திலிருந்து ஓய்வு கொடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ராத்திரி படுக்கும் முன் கணவனும் மனைவியும் கடன் விவரத்தை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்த கடன்தான் அதிகம் அழுத்துகிறது. சொன்ன பிறகு, அதையே கடவுளிடமும் சொல்லுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். சொசைட்டிக்கு இவ்வளவு, தண்டலுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று பேர் சொல்லியே சொல்லுங்கள். அன்றைக்குக் கிடைத்தது ஒன்றுக்கு நன்றியும் சொல்லுங்கள். நன்றியோடு சொல்லுங்கள் என்று பவுல் எழுதியது அலங்காரத்துக்கு இல்லை. குறையை மட்டும் எண்ணுகிற மனதை இருப்பதன் பக்கமும் திருப்புவதற்கு அது ஒரு பயிற்சி. ஒரு நாளில் வராது. அவருக்கே வருஷங்கள் ஆனது.

 கேள்வி இருப்பவர்கள் இங்கேயே கேளுங்கள். எல்லோர் முன்னாலும் பேச விருப்பமில்லாதவர்கள் கூட்டம் கலைந்த பிறகு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சபையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார். கடன் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால் வட்டிக் கணக்கைப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று அவர் கேட்கமாட்டார்.